யாருடைய ஒளி?

"நான் யாருடைய தயவிலும் முன்னுக்கு வந்தவன் அல்ல" என்று சொல்லிக்கொள்வதில் மனிதனுக்கு ஒரு தனி இன்பம் இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டி, சொந்த வீடு கட்டி, பெண்ணுக்குக் கல்யாணமும் செய்து முடித்தவர்கள் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். அதில் ஓர் ஒளி வீசும். அந்த ஒளி பொய்யல்ல. அவர்கள் உழைத்தவர்கள்தாம், இரவு கண் விழித்துப் படித்தவர்கள்தாம். ஆனாலும் அந்த ஒளி யாருடையது என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன?

இந்தக் கேள்விக்குச் சாட்சி சொல்ல ஒரு நட்சத்திரத்தை அழைக்கப் போகிறேன். கதை எழுதுகிறவனுக்கு வான சாஸ்திரத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். மனிதர்களைப் பற்றி மனிதர்களிடமே விசாரித்தால் உறவு, கூச்சம், பழைய மனஸ்தாபம் எல்லாம் குறுக்கே வந்து நிற்கும். நட்சத்திரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அது யாருக்கும் மாமனும் அல்ல, மச்சானும் அல்ல.

1995-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி. பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த 'காம்ப்டன்' என்ற அமெரிக்க விண்வெளி ஆய்வுக்கூடம், பால்வீதியின் நடுப்பகுதி இருக்கும் திசையிலிருந்து எக்ஸ் கதிர்கள் குபீர் குபீரென்று வெடித்து வருவதைக் கண்டது. ஒவ்வொரு வெடிப்பும் ஏறக்குறையப் பத்து விநாடி நீடித்தது. முதலில் சில நிமிஷங்களுக்கு ஒன்றாக வந்தவை, பிறகு மணிக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கி, மாதக்கணக்கில் தொடர்ந்தன. கிறிஸ்ஸா கௌவெலியோட்டு என்ற கிரேக்கப் பெண் விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை ஆராய்ந்தார்கள். கொஞ்ச நாளில் இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. வெடிப்புகளுக்கு நடுவிலும், வெடிப்புகளுக்கு உள்ளேயும், ஒரு சீரான துடிப்பு இருந்தது. 0.467 விநாடிக்கு ஒரு தரம். அதாவது விநாடிக்கு இரண்டுக்குச் சற்று மேல்.

அதுவரை எக்ஸ் கதிர் வானத்தில் வெடிக்கிற நட்சத்திரங்கள் வேறு, துடிக்கிற நட்சத்திரங்கள் வேறு என்று இருந்தது. இந்த ஒன்று இரண்டையும் செய்தது. ஜி.ஆர்.ஓ. ஜே1744-28 என்று பட்டியலில் அதற்கு ஒரு வறட்டுப் பெயர் உண்டு. விஞ்ஞானிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது 'வெடிக்கும் துடிமீன்' என்றே குறிப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம். அது இருக்கும் தூரம் ஏறக்குறைய 25,000 ஒளி ஆண்டு என்பது மதிப்பு. 1996-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எக்ஸ் கதிர்களில் வானத்தைப் பார்க்கிற கண்ணுக்கு, மிகப் பிரகாசமான பொருள்களில் அதுவும் ஒன்றாக இருந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், இப்படி ஜொலித்தது ஒரு செத்த நட்சத்திரம்.

சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம் ஒன்று தன்னிடம் இருந்த எரிபொருளை எல்லாம் எரித்துத் தீர்த்த பிறகு, அதன் நடுப்பகுதி தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல் இடிந்து உள்ளே விழுகிறது. நட்சத்திரங்களுக்கு இப்படியும் ஒரு முடிவு உண்டு என்ற பாதையைத் திறந்துவிட்டவர்களில் நம்மவர் ஒருவர் முக்கியமானவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது இளைஞர் சந்திரசேகர், கப்பலிலேயே கணக்குப் போட்டார். எரிந்து அடங்கிய நட்சத்திரத்தின் எடை ஓர் எல்லையைத் தாண்டினால் அது அமைதியாக ஆறிக் குளிர முடியாது என்பது அந்தக் கணக்கு. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று சொல்லப்படும் எல்லை அதுதான். அந்த எல்லையைத் தாண்டி இடிந்த ஒன்று எஞ்சி நின்றால் அது நியூட்ரான் நட்சத்திரம். சூரியனைவிட அதிக எடை. ஆனால் குறுக்களவு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான். அதில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் நூறு கோடி டன்னுக்கு மேல் நிற்கும்.

இப்படிப்பட்ட பொருளுக்குச் சொந்தமாக எரிக்க ஒன்றும் கிடையாது. அடுப்பு அணைந்துவிட்டது; விறகும் இல்லை. பின் எப்படி வெளிச்சம் வருகிறது?

பக்கத்தில் ஒரு துணை நட்சத்திரம் இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று சுற்றி வருகின்றன. துணை நட்சத்திரம் வயதாகி ஊதிப் பருக்கிறது. பருத்த உடலின் ஓரம், இரண்டு நட்சத்திரங்களின் இழுப்பும் சமமாக நிற்கும் ஓர் இடத்தை எட்டுகிறது. அந்த வரம்பைத் தாண்டிய பொருள் அப்புறம் அதற்குச் சொந்தமில்லை. நிறைந்த குளத்தில் மதகு வழியே தண்ணீர் போவதுபோல் செத்த நட்சத்திரத்தை நோக்கி வழிந்து போகிறது. நேரே போய் விழாமல் அதைச் சுற்றி ஒரு பெரிய தட்டாகச் சுழல்கிறது. சுழன்று சுழன்று உள்ளே நெருங்கியதும் அங்கே ஒரு காந்த மதில் வழி மறிக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு பொருள் இரண்டு காந்த துருவங்களின் மேல் கொட்டுகிறது. கொட்டும் இடம் கொதித்து எக்ஸ் கதிராக வீசுகிறது. நட்சத்திரம் சுழல்வதால் அந்த வெளிச்சம் கலங்கரை விளக்கம்போல் வந்து வந்து போகிறது. இதுவே துடிப்பு.

வெடிப்பு எப்படி என்பதற்கும் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். பொருள் மதிலுக்கு வெளியே தேங்குகிறது. தேங்கித் தேங்கிப் பாரம் தாளாமல் ஒரு கட்டத்தில் மொத்தமாகச் சரிகிறது. பத்து விநாடி வாணவேடிக்கை! முடிந்ததும் நட்சத்திரம் முன்னிருந்ததைவிட மங்கி, பிறகு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வருகிறது. களஞ்சியத்தை ஒரே விருந்தில் காலி செய்தாகிவிட்டது அல்லவா? மறுபடி நிரம்ப வேண்டாமா? 1976-இல் கண்டுபிடிக்கப்பட்ட இன்னொரு வெடிநட்சத்திரத்தில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது. அது எவ்வளவு பெரிதாக வெடிக்கிறதோ அவ்வளவு நேரம் அடுத்த வெடிப்புக்குக் காத்திருக்க வேண்டும். விருந்து வைக்கிறவன் ஒருவன். களஞ்சியத்தை நிரப்புகிறவள் வேறொருத்தி.

இங்கே நின்று ஒரு நியாயத்தைக் கேட்க வேண்டும். நியூட்ரான் நட்சத்திரத்துக்கு வாய் இருந்தால் அது சும்மா இருக்காது. "இந்தப் பொருள் அவளிடமே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்கும். நியாயமான கேள்விதான். ஹைட்ரஜன் நட்சத்திரத்தின் வயிற்றில் எரிந்து ஹீலியமாக மாறும்போது அதன் எடையில் நூற்றுக்கு முக்கால் பங்குகூட சக்தியாக மாறுவதில்லை. அதே பொருள் நியூட்ரான் நட்சத்திரத்தின் மேல் விழும்போது நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் சக்தியாகிவிடும். சில கிராம் விழுந்தால் போதும். 1945-இல் ஹிரோஷிமாவில் வெடித்த குண்டின் சக்தி அதில் இருக்கிறது. ஆக, வாங்கியவன் வாங்கியதை வீணாக்கவில்லை. கொடுத்தவளிடம் மங்கலாக எரிந்திருக்கக்கூடியது இவனிடம் வந்து பிரபஞ்சத்தின் குறுக்கே தெரியும் சுடராயிற்று.

இந்த வாதத்தை நட்சத்திரத்தின் வாயில் வைத்தேனே தவிர, இது நம் வீடுகளில் நாம் கேட்டுப் பழகிய வாதம்தான். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்யுங்கள். கற்பனை என்று சொல்கிறேன். ஆனால் எந்தத் தெருவிலும் நான்காவது வீட்டுக்குள் இதைப் பார்க்கலாம். அப்பா காலமாகும்போது அக்காவுக்கு 19 வயது, தம்பிக்கு 12. அக்கா ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் வேலைக்குப் போகிறாள். சம்பளம் வந்ததும் வீட்டு வாடகை, மளிகை, அம்மாவின் மருந்து, தம்பியின் பள்ளிக்கூடச் சம்பளம். தம்பி கெட்டிக்காரன். இன்ஜினீயரிங் படிக்க வேண்டும். காதில் இருந்த தோடு போகிறது. கழுத்தில் இருந்த சங்கிலி போகிறது. "அக்கா, உனக்கு?" என்று அவன் எப்போதோ ஒரு தடவை கேட்கிறான். "எனக்கு என்னடா? நீ நன்றாகப் படி, அது போதும்" என்கிறாள். அவளுக்கு வந்த வரன்கள் 'அடுத்த வருஷம்' என்று தள்ளிப் போய், பிறகு வராமலே போகின்றன.

தம்பி பெரிய உத்தியோகத்துக்கு வருகிறான். வீடு கட்டுகிறான். கிருகப்பிரவேசத்துக்கு ஊரே வருகிறது. கூடத்தில் நின்று எல்லோரையும் வரவேற்கிறான். அக்கா சமையற்கட்டில் பரிசாரகருக்குத் தேங்காய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். யாரோ ஒருவர், "எப்படி இவ்வளவு முன்னுக்கு வந்தீர்கள்?" என்று கேட்கிறார். "எல்லாம் சொந்த உழைப்புத்தான், சார்!" என்கிறான் தம்பி.

இவன் கெட்டவன் அல்ல. அதுதான் விஷயம். கெட்டவனாக இருந்தால் நாம் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடலாம். இவன் அக்காவைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறான். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறான். நீங்கள் நெருக்கிக் கேட்டால், "அந்தச் சங்கிலி அக்கா கழுத்தில் இருந்திருந்தால் வெறும் சங்கிலியாகத்தானே இருந்திருக்கும்? என்னிடம் வந்ததால் அல்லவா ஒரு குடும்பமே மேலே வந்தது?" என்பான். சொல்வதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கணக்குச் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் கேட்கிற நமக்கு ஏதோ உறுத்துகிறதே, அது என்ன?

அதற்குப் பதில் தேடி மறுபடி நட்சத்திரத்திடம் போவோம்.

வெடிக்கும் துடிமீனின் துணையைக் கண்டுபிடித்தது எப்படி? அந்தத் திசையில் தூசிப் படலம் அடர்ந்திருக்கிறது. சாதாரண வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. எக்ஸ் கதிரில் தெரிவதெல்லாம் வாங்கிக்கொண்டவனின் ஜொலிப்பு மட்டுமே. பின்னாளில் அகச்சிவப்புக் கதிர்களில் தேடி, இதுவாக இருக்கலாம் என்று ஒரு மங்கலான நட்சத்திரத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் 1996-லேயே துணை இருப்பது நிச்சயமாகிவிட்டது. அதை நிச்சயப்படுத்தியது துடிப்பின் தாமதம்.

துடிப்பு 0.467 விநாடிக்கு ஒரு தரம் என்று சொன்னேன். மணிக்கூண்டுபோல் சீராக வர வேண்டியது. விஞ்ஞானிகள் நாள்கணக்கில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, சில நாள் துடிப்பு கொஞ்சம் முந்தி வந்தது. சில நாள் கொஞ்சம் பிந்தி வந்தது. 11.8 நாளுக்கு ஒரு முறை இந்த முந்தலும் பிந்தலும் திரும்பத் திரும்ப நிகழ்ந்தன. அதிகபட்சம் சுமார் 2.6 விநாடி. அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அந்த நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. சுமார் எட்டு லட்சம் கிலோமீட்டர் நம்மை நோக்கியும், அவ்வளவே நம்மை விட்டு விலகியும் அசைகிறது. எட்டப் போகும்போது துடிப்பு நம்மிடம் வந்து சேரத் தாமதமாகிறது. கிட்டே வரும்போது முந்திக்கொள்கிறது. அதை அசைப்பது யார்? கண்ணுக்குத் தெரியாத துணை. கொடுக்கிறவள் இருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சி, வாங்குகிறவனுடைய துடிப்பில் இருக்கும் அந்த இரண்டரை விநாடிதான்.

இந்த வழியை முதலில் காட்டிக் கொடுத்தது 1970 டிசம்பரில் கென்யாக் கடற்கரைக்கு அப்பால் ஒரு மிதவை மேடையிலிருந்து ஏவப்பட்ட 'உஹுரு' என்ற சிறு கோள். சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்கு விடுதலை என்று பொருள். சென்டாரஸ் எக்ஸ்-3 என்ற துடிமீனின் துடிப்பு 2.1 நாளுக்கு ஒரு முறை முந்துவதையும் பிந்துவதையும் அது பதிவு செய்தது. கொடுக்கிறவரை நேரில் காணாமலே, வாங்குகிறவரின் நாடியைப் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வித்தை அன்று முதல் நமக்குக் கைவந்தது.

நன்றி என்பது என்ன என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இதுதான். அது திருப்பிக் கொடுப்பது அல்ல. துணையிடமிருந்து வழிந்த பொருள் திரும்பி மேலே ஏறுவதில்லை. அக்காவின் 19 வயதை எந்தத் தம்பி திருப்பிக் கொடுக்க முடியும்? புடவையும் பொன்னும் அந்தக் கணக்கில் வரவாகாது. நன்றி என்பது புகழ்ந்து பேசுவதும் அல்ல. மேடையில் நின்று, "என் அக்கா ஒரு தியாகச் சுடர்" என்று பேசிக் கைதட்டல் வாங்கினால், அந்தக் கைதட்டலும் தம்பிக்குத்தான் போய்ச் சேரும். வாங்கியவனுடைய வாழ்க்கையைப் பார்த்த மாத்திரத்தில், இதற்குப் பின்னால் வேறொருவர் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். 'நான்' என்ற சொல்லை உச்சரிப்பதற்கு முன்னால் ஒரு சிறு தயக்கம், இரண்டரை விநாடி. "எப்படி முன்னுக்கு வந்தீர்கள்?" என்று கேட்டவுடன் பதில் வாயில் வந்து விழாமல், கண் ஒரு கணம் சமையற்கட்டுப் பக்கம் போய்த் திரும்பினால் போதும். கேட்டவருக்கு எல்லாம் விளங்கிவிடும். நமக்கு உறுத்தியது அந்தத் தம்பி சொன்ன கணக்கு அல்ல. துளியும் தாமதமில்லாமல் வந்த அந்தப் பதில்.

'தியாகம்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது நல்ல சொல். ஆனால் நம் வீடுகளில் அதற்கு ஒரு துர்உபயோகமும் இருக்கிறது. ஒருவரைத் தியாகி என்று பட்டம் கட்டி உட்கார வைத்துவிட்டால் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற பொறுப்பு நமக்குப் போய்விடுகிறது. கொடுப்பதே அவருடைய சுபாவம் என்று ஆகிவிடுகிறது. நதிக்கு ஓடுவது சுபாவம்; பசுவுக்குப் பால் கொடுப்பது சுபாவம்; அக்காவுக்கு விட்டுக்கொடுப்பது சுபாவம்! உண்மையில் அக்காவை யாரும் கேட்கவில்லை. துணை நட்சத்திரத்தின் ஓரம் வரம்பைத் தாண்டியதுபோல, அப்பா செத்த அன்று அவள் ஒரு வரம்பைத் தாண்டினாள். அப்புறம் வழிந்துகொண்டே இருந்தது. கதை எழுதுகிற எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்த மாதிரி அக்காக்களை மூன்றாம் அத்தியாயத்தில் இருமலோடு சாகடித்துவிட்டு, கதாநாயகனைக் கண்ணீரோடு நான்காம் அத்தியாயத்துக்கு அனுப்பிவிடுவது எங்களுக்குச் சௌகரியம். வாசகர்களும் அழுதுவிட்டு, "என்ன உத்தமி!" என்பார்கள். அவள் உயிரோடு இருந்து, "எனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டியிருந்தது" என்று சொல்லிவிட்டால் கதை கெட்டுவிடும்.

துடிமீன்கள் கண்டுபிடிக்கப்பட்ட சரித்திரத்திலேயே இந்தக் கேள்வி ஒரு தடவை எழுந்திருக்கிறது. 1967-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஜோஸலின் பெல் என்ற 24 வயது மாணவி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஏறக்குறைய நாலரை ஏக்கர் நிலத்தில் கம்பம் நட்டுக் கம்பி கட்டி அந்த ரேடியோத் தொலைநோக்கியை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய நூறு அடிக் காகிதத்தில் கோடுகள் பதிவாகும். அத்தனையையும் கண்ணால் பார்த்துப் படிப்பது அவருடைய வேலை. அந்தக் கோடுகளின் நடுவே, ஓர் அங்குலத்துக்கும் குறைவான ஒரு கிறுக்கல் அவருக்கு உறுத்தியது. விடாமல் தொடர்ந்தார். 1.3 விநாடிக்கு ஒரு துடிப்பு என்று தெரிந்தது. உலகம் அறிந்த முதல் துடிமீன் அதுதான். 1974-இல் அந்தக் கண்டுபிடிப்பில் அவருக்கு இருந்த பங்குக்காக நோபல் பரிசு பெற்றவர் அவருடைய ஆசிரியர் ஆண்டனி ஹியூவிஷ். மாணவியின் பெயர் பரிசில் இல்லை.

ஹியூவிஷ் தகுதி இல்லாதவர் அல்லர். தொலைநோக்கியைத் திட்டமிட்டவர் அவர். நம் தம்பிபோல அவரும் உழைத்தவர்தாம். பெல்லும் அதைப் பற்றிக் கசந்து பேசியவர் அல்லர். ஆனால் உலகம் கசந்து பேசியது, இன்றும் பேசுகிறது. ஏனென்றால் அந்த ஒளியில் இன்னொருவருடைய பொருள் விழுந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. 51 ஆண்டுகளுக்குப் பிறகு, 2018-இல், அவருக்கு ஒரு பெரிய பரிசு கிடைத்தது. 30 லட்சம் டாலர். அவர் அதில் ஒரு காசுகூடத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. பௌதிக ஆராய்ச்சியில் எளிதில் இடம் கிடைக்காத பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்கள் படிப்பதற்கு உதவித் தொகையாக முழுவதையும் கொடுத்துவிட்டார். தனக்குக் கிடைக்காமல் போனதைக் கேட்டு வாங்குவதற்குப் பதில், இனி வருகிறவர்களுக்குக் கிடைக்கும்படி செய்தார். திருப்பிக் கொடுக்க முடியாத கடனை முன்னோக்கிக் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

இத்தனையும் கேட்ட பிறகு ஒருவர் எழுந்து, "நட்சத்திரத்தைக் காட்டித் தர்மம் பேசுகிறீர்களே! வலியது எளியதை உறிஞ்சுவதுதான் இயற்கை என்று உங்கள் நட்சத்திரமே காட்டவில்லையா? பின் தம்பியை ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

இயற்கையில் இதைவிடக் கொடுமையும் இருக்கிறது. இப்படித் துணையின் பொருளை வாங்கி வாங்கியே வேகம் பெற்ற துடிமீன்கள் உண்டு. பொருள் வந்து விழும்போது அதன் சுழற்சியும் கூடவே வருவதால், கிழட்டு நட்சத்திரம் பம்பரமாகி விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சுற்ற ஆரம்பிக்கிறது. 1988-இல் அப்படி ஒன்றைக் கண்டார்கள். விநாடிக்கு அறுநூறு தடவைக்கு மேல் சுற்றும் அது, தன்னை வளர்த்த துணையின் மேலேயே கதிர்வீச்சை வீசி, அதை ஆவியாக்கிக்கொண்டிருக்கிறது. துணைக்கு மிச்சம் இருப்பது சூரியனில் ஐம்பதில் ஒரு பங்கு எடை அளவில்தான். இணையைத் தின்னும் சிலந்தியின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்: 'கருங்கைம்பெண்'.

ஆனால் அந்தத் துடிமீனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியுமா? முடியாது. அதற்குத் தெரியாது. துணை தேய்வதை அது பார்க்கவில்லை. பார்த்தாலும், "போதும்" என்று சொல்ல அதற்கு வழி இல்லை. ஈர்ப்பு விசைக்கு நிறுத்தும் இடம் கிடையாது. வெடிக்கும் துடிமீனின் துணையும் தன் எடையில் பெரும் பகுதியை இழந்துவிட்டது, எஞ்சியிருப்பது சூரியனில் ஒரு சிறு பங்கே என்பது பல விஞ்ஞானிகளின் கணிப்பு. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. அங்கே வலி இல்லை. எனவே வஞ்சனையும் இல்லை.

நட்சத்திரம் நமக்குத் தர்மத்தைச் சொல்லித் தரவில்லை. தர்மம் எங்கே ஆரம்பிக்கிறது என்ற எல்லைக் கல்லைத்தான் அது காட்டுகிறது. வாங்குகிறவனுக்குத் தான் வாங்குவது தெரிகிற இடத்தில், எதிரே ஒரு முகம் வாடுவது கண்ணில் படுகிற இடத்தில், அது ஆரம்பிக்கிறது. அந்த இடத்துக்கு வந்த பிறகு, "இது இயற்கை" என்று சொல்கிறவன் நட்சத்திரத்தைப் போல வாழ்கிறவன் அல்ல. நட்சத்திரத்துக்கு இல்லாத கண்ணை வேண்டுமென்றே மூடிக்கொள்கிறவன். பிரபஞ்சத்தில் ஈர்ப்பு விசைக்குத் தெரியாத ஒரு சொல் மனிதனுக்குத் தெரியும். "போதும், இனி உனக்கு" என்பதே அந்தச் சொல்.

கொடுத்தவர்கள் கணக்குக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் கேட்க மாட்டார்கள். கேட்டால் கொடுத்ததே கெட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் வாங்கியவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதையும் உரிய காலத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் படமாகிச் சுவரில் ஏறிய பிறகு சந்தன மாலை போட்டு என்ன பயன்?

வெடிக்கும் துடிமீனுக்கு அவசரம் இல்லை. 1996-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் இரண்டாம் தடவை வெடித்துக் கிளம்பியது, பிறகு அடங்கியது. அடங்கிக் கிடந்த காலத்தில், 1999-இல் ஏவப்பட்டு நம் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி நிற்கும் 'சந்திரா' விண்தொலைநோக்கி அதைப் பார்த்தபோது, அந்த ஜொலிப்பெல்லாம் போய் மிக மங்கலாக இருந்தது. முதலில் அதைக் கண்டுபிடித்த காம்ப்டன் ஆய்வுக்கூடம் 2000 ஜூனில் பசிபிக் சமுத்திரத்தில் இறக்கி அழிக்கப்பட்டுவிட்டது. நட்சத்திரம் 2014-இல் மறுபடி பெரிதாக விழித்துக்கொண்டது. அதற்குக் காலம் இருக்கிறது. துணையும் இன்னும் வெகு காலம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

நம் வீட்டு அக்காக்களுக்கு அவ்வளவு காலம் இல்லை. அவர்களுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். நன்றி என்ற சொல் வேண்டாம். அதைக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்கள். முப்பது வருஷத்துக்கு முன் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்களே, அந்தக் கேள்வியை மறுபடி கேளுங்கள். "அக்கா, உனக்கு என்ன வேண்டியிருந்தது?"

இந்தத் தடவை பதில் வர எவ்வளவு நேரமானாலும் எழுந்து போய்விடாதீர்கள்.